பற்கள், 212

சுங்கச் சீட்டு இன்னும் இருக்கிறது.
ஊதா மை. ரங்கூன் கப்பல்.
மெட்ராஸ் துறைமுகத்தின் வட்ட முத்திரையில் பாதி.

இரும்புச் சட்டி ஒன்று. குடை ஒன்று.
பஞ்சுப் போர்வை ஒன்று, சுருட்டியது.
காலால் மிதிக்கும் யந்திரம் ஒன்று
(தையல் மிஷினா என்று ஊசியைத் தேடி
அலுத்துப்போய் விட்டுவிட்டாராம் அதிகாரி).
காய்ந்த ஆரஞ்சுத்தோல், ஒரு ஜாடி.
முகர்ந்து பார்த்துத் தும்மியிருக்கிறார்.
கடைசி வரி:
பற்கள், 212.

யாருடைய பல்லய்யா இதெல்லாம்?
அப்பாவுக்கு அப்போது தமிழ் கிடையாது.
கூட வந்த கைலி வியாபாரி மரைக்காயர்
கேட்டுச் சொன்ன பதில்:
இன்னும் யாருடையதும் இல்லை.
இனிமேல்தான் ஆகும்.

ஈவினிங் பஜாரில், மாடிப்படிக்குக் கீழே கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு ஈறோடு
இருபத்துநாலு மணி நேரமும் சிரிக்கும் ஒரு ஜோடி.
பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர்
காலையில் அதற்கு ஒரு வணக்கம் வைப்பார்.

செட்டு மாட்டியதும்
அப்பா சொல்லச் சொல்வது ஒரே வார்த்தை.
"வாலப்பலம் சொல்லு."
வாழப்பழம் என்பார்கள்.
கொத்தவால்சாவடி ஆட்கள்
வாயப்பயம் என்பார்கள். அதுவும் சரிதான்.
காற்று கசிந்தால்தான் அரத்தை எடுப்பார்,
ஓரம் தேய்ப்பார்,
மறுபடி வாலப்பலம்.
நாற்பது வருஷத்தில் அந்த எழுத்து
அவர் நாக்கில் ஒருமுறையும் உட்காரவில்லை.
காதுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அறுபத்திரண்டில் எல்லையில் சண்டை.
வாரம் ஒருநாள் ஸ்டேஷனில் கையெழுத்து.
பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு
ஏட்டு தணிகாசலம் கேட்கிறார்:
எங்கேர்ந்து வந்தே? இன்னா இன்னா கொண்டாந்தே?
ஒவ்வொரு கேள்வியின் வாலிலும் லேசாக ஒரு விசில்.
மேல்வரிசை. போன பொங்கலுக்கு அப்பா கட்டியது.

சட்டி, குடை, போர்வை, மிஷின்,
ஆரஞ்சுத்தோல் வரை சொல்லி
அப்பா வாயை மூடிக்கொண்டார்.
எனக்கு ஏழு வயசு. சீட்டு எனக்கு மனப்பாடம்.
படியிறங்கும்போது கேட்டேன்,
பல்லை ஏன் சொல்லலை?
"அந்தாளு வாயில இருக்கறத
அந்தாளுகிட்ட எப்டி சொல்றது?"

அந்த வாரமே ஒரு ராத்திரி
யாரோ கதவைத் தட்டினார்கள்.
அம்மா மூட்டை கட்ட ஆரம்பித்தாள்,
போர்வை, சட்டி, எங்கள் ஸ்வெட்டர்கள்,
மெட்ராஸில் ஒருநாளும் போடாத ஸ்வெட்டர்கள்.
வெளியே மஃப்டியில் ஏட்டு.
தொண்டையைக் கனைத்தார்.
"விசிலடிக்குது டாக்டர்.
பசங்க சிரிக்கிறானுங்க."
அப்பா விளக்கை ஏற்றி மிஷினை மிதித்தார்.
வாலப்பலம். வாழப்பழம்.
ஏட்டு காசு கொடுத்தார், அப்பா வாங்கிக்கொண்டார்.
அம்மா மூட்டையைப் பிரிக்க
மார்கழி முடிய வேண்டியிருந்தது.

மிஷின் பிறகு புதுப்பேட்டையில் எடைக்குப் போனது.
குடையை பஸ்ஸில் தொலைத்தது நான்தான்.
சட்டியில் இன்றைக்கும் முட்டை பொரிக்கிறேன்.
ஜாடியில் கல்லுப்பு.

ஏட்டு செத்த மூன்றாம் நாள்
அவர் மகன் மொட்டைத் தலையோடு
கிருஷ்ணாம்பேட்டையிலிருந்து நேரே கடைக்கு வந்தான்.
எலும்பு பொறுக்கும்போது
வேகாமல் கிடந்ததாம், பீங்கான்,
வாழையிலைத் துண்டில் மடித்து வைத்திருந்தான்.
"இது உங்களோடதா சார்?"

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கட்டைவிரலால் சாம்பலைத் துடைத்தார்.
"அவரோடது,"
என்று மடித்துக் கொடுத்தார்.
பையன் பீச்சுக்குப் பஸ் பிடிக்க ஓடினான்.

அன்று இரவு சீட்டை எடுத்து
212-க்குப் பக்கத்தில் பென்சிலால்
சீனத்தில் என்னமோ எழுதினார்.
மூன்றே எழுத்து.
எனக்குப் படிக்கத் தெரியாது.
யாரிடமும் காட்டிக் கேட்கவும் இல்லை.